முதல்முறையாக விண்டேஜ் வாட்ச் வாங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் டயலைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் முதலில் வாங்கியது 1960-களில் வந்த சாவி கொடுக்கும் சுவிஸ் வாட்ச். டயல் புத்தம் புதிதுபோல் மின்னியது. அந்த மினுமினுப்புக்காகவே வாங்கினேன். சில நாள் கழித்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், எழுத்துகளின் ஓரம் மை ஊறியதுபோல் தடித்திருந்தது. நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேராகச் சேரவில்லை. பழைய டயலின் மேல் மறுபடி பெயின்ட் அடித்து அச்சிட்டிருக்கிறார்கள். விற்றவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. ரொம்ப நாள் மனது ஆறவில்லை.

உள்ளே இருக்கும் மெஷினைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அக்ரிலிக் கண்ணாடியில் விழுந்த கீறலைத் தேய்த்தே போக்கலாம். அசல் டயல் போனால் போனதுதான். அதனால் லேசாகப் பழுப்பேறி, ஓரிரு புள்ளி விழுந்த அசல் டயலையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். அதே மாடலின் பத்துப் படங்களையாவது தேடி எடுத்து, எழுத்தின் வடிவம், லோகோ இருக்கும் இடம், முட்களின் நீளம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். பெரிய முள் நிமிடக் கோட்டை எட்டாமல் குட்டையாக நின்றால், அது வேறொரு வாட்சிலிருந்து வந்த முள்ளாக இருக்கலாம்.

இருட்டில் ஒளிரும் பூச்சும் நிறையச் சொல்லும். 1960-களின் தொடக்கம்வரை ரேடியம் பூசினார்கள், பிறகு 1990-கள்வரை டிரிடியம். இரண்டுமே கதிரியக்கப் பொருள்கள். டயலின் அடியில், 6-க்குக் கீழே ‘டி சுவிஸ் டி’ (T SWISS T) என்று இருந்தால் அது டிரிடியம். சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். எனவே 1970-ல் செய்த வாட்ச் இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரேடியம் டயல் என்று தோன்றினால் வாட்சை நீங்களே திறக்காதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

"நல்லா ஓடுது" என்ற வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணெய் காய்ந்த வாட்சும் ஓடும், ஓடியே உள்ளுக்குள் தேய்ந்துபோகும். பின்மூடியைத் திறந்து எடுத்த மெஷின் படத்தைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்றும் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் நான் வாங்குவதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்றால், ஜப்பானிய நிறுவனமான சீகோ 1963-ல் கொண்டுவந்த ‘சீகோ 5’ வரிசையின் பழைய வாட்சுகள் எனக்குப் பிடிக்கும். ஏராளமாகச் செய்தார்கள், அதனால் உதிரி பாகம் கிடைக்கும். தயாரித்த காலத்தையும் பின்மூடியில் உள்ள சீரியல் எண்ணே காட்டும்: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் மாடலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இவற்றிலும் டயலை மாற்றி விற்பது நடக்கிறது, கவனம்.

வாங்கிய பிறகு இரண்டு விஷயம். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதியைத் திருப்பாதீர்கள், பல் சக்கரம் உடையலாம். பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இத்தனை வருடத்தில் இறுகிப்போயிருக்கும். நான் கை கழுவும்போதுகூடக் கழற்றி வைத்துவிடுகிறேன்.