நல்ல கேப்டன், தடுமாறும் மேனேஜர்

கேள்வி: கும்பகோணத்தில் 40 அறைகள் கொண்ட ஹோட்டல் நடத்துகிறேன். எங்கள் ரெஸ்டாரன்ட்டில் பல வருடம் கேப்டனாக, அதாவது சர்வர்களுக்குத் தலைவராக, இருந்தவரை ஹோட்டல் மேனேஜராக்கினேன். கூட்டம் வந்தால் இன்னும் தானே தட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். எதற்கெடுத்தாலும் எனக்கு போன் செய்கிறார். அவரைப் படிக்க அனுப்பலாமா, வெளியிலிருந்து ஆள் எடுக்கலாமா?

பதில்: வெளியாள் வேண்டாம். உங்கள் சமையற்கட்டும் வாடிக்கையாளரும் பழகிய மனிதரை விட்டுவிடாதீர்கள்.

பதவி கொடுத்தீர்கள், சரி. அதிகாரம் கொடுத்தீர்களா? ராத்திரி 11 மணிக்கு ஏசி ஓடவில்லை என்று ஒரு குடும்பம் குழந்தையோடு ரிசப்ஷனில் வந்து நிற்கிறது. வேறு அறை தரவோ வாடகையில் கொஞ்சம் குறைக்கவோ அவரே முடிவு செய்யலாமா? முடியாதென்றால் போன் வரத்தான் செய்யும். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் சாதாரண ஊழியரே ஒரு விருந்தினருக்காக 2,000 டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமல் செலவழிக்கலாம். உங்களுக்கு 2,000 ரூபாய் போதும். அதை எழுத்தில் கொடுங்கள். என்ன செய்தார், ஏன் செய்தார் என்று லாக் புக்கில் எழுதட்டும். காலையில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அவர் முடிவு பிடிக்காவிட்டாலும் ஊழியர்கள் முன்னால் மாற்றாதீர்கள். அதைச் செய்தால் எந்தப் பயிற்சியும் நிற்காது.

தட்டு விஷயம்: அவர் இடத்துக்குப் புது கேப்டன் போட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். போடாவிட்டால் அவர் ஓடாமல் யார் ஓடுவது?

அவருக்குத் தெரிந்தது ரெஸ்டாரன்ட் மட்டும். இரண்டு வாரம் ஹவுஸ்கீப்பிங்கில் விடுங்கள். காலி செய்த அறை மதியம் வரை தயாராகாமல் கிடந்தால், துடைக்கிற அம்மாவைத் திட்டுவதற்கு முன் லாண்டரியிலிருந்து பெட்ஷீட் வந்ததா என்று பார்க்கப் பழகுவார். அப்புறம் ரிசப்ஷன், நைட் ஆடிட் (அன்றைய வரவுக் கணக்கை இரவில் சரிபார்ப்பது).

அங்கேதான் கணக்கு பழக வேண்டும். நேற்று 28 அறை போனது, வாடகை வரவு 84,000 ரூபாய் என்று வையுங்கள். போன அறைக்குச் சராசரி 3,000. மொத்த 40 அறைக்கும் வகுத்தால் 2,100. இந்த இரண்டாவது எண்ணைத்தான் ரெவ்பார் என்கிறார்கள். தினமும் இதை அவரே எழுதி, முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டு உங்களுக்குச் சொல்லட்டும். முகூர்த்த நாளில் 15 அறை கேட்டு ஒரு கல்யாண வீட்டார் தள்ளுபடி பேசினால், எவ்வளவு இறங்கலாம் என்று அப்போது அவருக்கே தெரியும்.

படிப்பு? சென்னை தரமணி, திருச்சி துவாக்குடியில் உள்ள அரசு ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களின் பட்டப்படிப்பு பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு ஏற்றது, இவருக்குத் தேவையில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் மேற்பார்வையாளர் பயிற்சிக்கு மட்டும் அனுப்புங்கள். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் அதை முடித்திருக்க வேண்டும்.

2028-ல் மகாமகம் வருகிறது. அந்த நாட்களுக்கான வாடகை, முன்பணம், கூடுதல் ஆட்கள், தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் எழுதித் தரும்படி அவரிடம் இப்போதே கேளுங்கள்.