உறைந்த ஏரியில் மீன்பிடி: கடப்பாரையா, கருவியா? கேள்வி பதில்

கனடாவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் நம் நீலகிரிப் பிள்ளைகள் டிசம்பர் பிறந்ததும் ஐஸ் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிற படங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பார்க்கிற பெற்றோருக்கு அடிவயிறு கலங்குகிறது. வின்னிபெக் ஏரிக்கரையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். பழைய சாமான், புதிய கருவி இரண்டும் கையாண்ட பழக்கம் உண்டு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து ஒரு அம்மா: மகன் வின்னிபெக்கில் படிக்கிறான். ஐஸுக்கு அடியில் மீன் இருப்பதைக் காட்டும் மிஷின் வாங்கப் பணம் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

தரலாம் அம்மா. ஆனால் அது மூன்றாவதாக வாங்க வேண்டிய சாமான். முதலில் கடப்பாரை வாங்கச் சொல்லுங்கள்.

அங்கே ஐஸுக்கென்றே கடப்பாரை விற்கிறார்கள். நாலரை, ஐந்து அடி நீளம், கீழே உளி முனை, மேலே மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கயிறு. கயிறு இல்லாவிட்டால் கை நழுவி ஓட்டை வழியாக ஏரிக்குள் போய்விடும். கரையிலிருந்து இறங்கியதும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு குத்து குத்த வேண்டும். கெட்டியான ஐஸ் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும், அதிர்வு முழங்கை வரை ஏறும். மோசமான ஐஸில் சத்தம் மொத்தையாக இருக்கும், முனை உள்ளே இறங்கும். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும். பக்கத்தில் சுற்றிப் போகலாம் என்று நினைக்கவே கூடாது.

கனத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு ஆள் நடக்கத் தெளிவான புது ஐஸ் 4 அங்குலம் வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை. கனடா செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் கறாராக 15 சென்டிமீட்டர், அதாவது 6 அங்குலம் என்கிறது. ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டி ஓட்ட 25 சென்டிமீட்டர். மகனிடம் 15 என்றே சொல்லுங்கள். பனி விழுந்து ஊறி மறுபடி உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், அதற்கு இரண்டு மடங்கு கனம் வேண்டும்.

இரண்டாவது சாமான், கழுத்தில் தொங்கவிடும் ஆணிப்பிடி ஒரு ஜோடி. அது எதற்கு என்று கீழே வருகிறது. இந்த இரண்டும் வாங்கிய பிறகு மிஷினுக்குப் பணம் அனுப்புங்கள்.

வின்னிபெக்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கே எவ்வளவு ஐஸ் என்று போனிலேயே பார்த்துவிடுகிறோம். முன்னால் போனவர்களின் தடமும் இருக்கிறது. இந்தக் காலத்தில் கடப்பாரையைச் சுமக்கணுமா?

சுமக்கணும் தம்பி. போனில் நீ பார்ப்பது யாரோ ஒருவர் ஏதோ ஒரு இடத்தில் துளை போட்டு அளந்தது. ஐஸ் பத்தடிக்கு ஒரு விதமாக இருக்கும். ஓடை வந்து சேருகிற இடத்தில் மெலிந்திருக்கும். பனி கனமாக மூடிய இடத்தில் குளிர் கீழே இறங்காது, அங்கேயும் மெலிந்திருக்கும். வின்னிபெக் ஏரி மாதிரி பெரிய ஏரியில் ஐஸ் பாளங்கள் ஒன்றோடொன்று முட்டி வரப்பாக எழும்பும். அந்த வரப்போரம் நேற்று கெட்டி, இன்று தண்ணீர். தடம் என்பது நேற்று ஒருவர் போனதற்குத்தான் சாட்சி.

ஒலியை அனுப்பி எதிரொலியால் மீனைக் காட்டும் சோனார் வைத்திருக்கிறேன் என்று பதில் எழுதாதே. அது ஐஸுக்குக் கீழே இருக்கிற மீனைக் காட்டும். நீ நிற்கிற ஐஸைக் காட்டாது.

தலைகுந்தாவிலிருந்து: இங்கேயும் ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைகிறது. அவலாஞ்சி அணை எப்போதாவது உறையுமா?

உறையாது. நமக்கு உறைபனி விடியற்காலைச் சில மணி நேரம்தான், வெயில் ஏறினால் போய்விடும். ஏரி உறைய வேண்டுமானால் முதலில் மொத்தத் தண்ணீரும் 4 டிகிரி வரை இறங்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தண்ணீர் மிகக் கனமாக இருக்கும். அதற்கு மேல் குளிர்ந்த தண்ணீர் லேசாகி மேலே தங்கி உறையும். வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்தில் இரவு பகலாகப் பல வாரம் உறைநிலைக்குக் கீழேயே இருப்பதால் அது நடக்கிறது. ஐஸுக்கு அடியில் மீன் உயிரோடு இருப்பதும் இதனால்தான், ஆழத்தில் அந்த 4 டிகிரி தண்ணீர் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து: ஃபிளாஷர் என்கிறார்களே, அதில் என்ன தெரியும்? கடிகாரம் மாதிரி வட்டமாக இருக்கிறதே.

நல்ல கேள்வி. அதுவும் ஒரு வகை சோனார்தான், வட்டத்தைச் சுற்றி இருப்பது ஆழம். மேலே பூஜ்யம், சுற்றி வந்தால் தரை. தரை கனமான சிவப்புப் பட்டையாகத் தெரியும். உங்கள் இரை மெல்லிய பச்சைக் கோடு. ராடைத் தூக்கினால் கோடும் ஏறும், இறக்கினால் இறங்கும். பலமான எதிரொலி சிவப்பு, நடுத்தரம் ஆரஞ்சு, பலவீனம் பச்சை. தரையிலிருந்து ஒரு பட்டை பிரிந்து பச்சையாகத் தொடங்கி, ஆரஞ்சாகி, சிவந்து உங்கள் கோட்டை நோக்கி ஏறினால் மீன் இரைக்கு வருகிறது. அந்த நேரத்தில் இரையை மெல்ல மேலே தூக்க வேண்டும். துரத்துகிற மீன் கவ்வும். இரையை அசையாமல் தொங்கவிட்டால் பட்டை ஒரு நொடி நின்றுவிட்டுக் கீழே போய்விடும். மீன் எப்படி யோசிக்கிறது என்பதைக் கற்றுக்கொடுக்கிற கருவி இது. எனக்கு இதில் மரியாதை உண்டு.

ஒரு எச்சரிக்கை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது, கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேறிய பிறகுதான் போட வேண்டும்.

கேத்தியிலிருந்து: எமரால்டு உறையுமா?

அவலாஞ்சிக்குச் சொன்ன பதில்தான்.

கோத்தகிரியிலிருந்து ஒரு ஆசிரியர்: இந்தக் கருவிகள் வருவதற்கு முன் அவர்கள் எப்படிப் பிடித்தார்கள்?

ஐயா, இதை யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தேன். அங்கத்திய பூர்வகுடிகளான கிரீ, ஒஜிப்வே மக்கள் வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே ஐஸுக்கு அடியில் மீன் பிடித்தவர்கள். துளைக்கு மேல் படுத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, மரத்தில் செதுக்கிய பொய் மீனைத் தண்ணீரில் ஆட்டி, அதைப் பார்த்து வருகிற பெரிய மீனை ஈட்டியால் குத்துவார்கள். 1875இல் ஐஸ்லாந்துக்காரர்கள் வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் கிம்லியில் குடியேறினார்கள். மீன்தான் அந்த ஊரின் பிழைப்பாக வளர்ந்தது.

அந்த ஏரியில் வலைக்காரர்கள் பயன்படுத்தும் ஒரு பலகை உண்டு. ஜிக்கர் பலகை என்பார்கள். உறைந்த ஏரிக்கு அடியில் வலை கட்ட வேண்டுமே, இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைக்குக் கயிற்றை எப்படிக் கொண்டுபோவது? ஆள் உயரத்துக்கு மேல் நீளமான பலகையை ஒரு துளை வழியாக உள்ளே விடுவார்கள். அது மிதந்து ஐஸின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பலகையின் நடுவில் இரும்பு முனை வைத்த நெம்புகோல். மேலேயிருந்து கயிற்றை இழுத்தால் முனை ஐஸின் அடியில் ஊன்றிப் பலகையை முன்னால் தள்ளும், விட்டால் மடங்கும், மறுபடி இழுத்தால் மறுபடி தள்ளும். கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி ஐஸுக்கு அடியில் ஊர்ந்து போகும். மேலே ஒருவர் அதன் தட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடப்பார். அது நின்ற இடத்தில் அடுத்த துளை. கயிறு கிடைத்ததும் வலையைக் கட்டி இழுத்துவிட வேண்டியதுதான். பேட்டரி கிடையாது, திரை கிடையாது.

பிராம்ப்டனிலிருந்து: மீன் நகர்வதை நேரலையில் காட்டும் சோனார் வந்துவிட்டது. 60 அடி ஆழத்தில் எந்த மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது வரை தெரிகிறது. பிறகு ஏன் ஃபிளாஷர்?

கார்மின் நிறுவனம் 2018இல் லைவ்ஸ்கோப் என்ற நேரலை சோனாரைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. என் கருத்து, ஆழமான ஏரியில் வேண்டாம்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: சரியாகச் சொன்னீர்கள். திரையைப் பார்த்துப் பிடிப்பது மீன்பிடியே இல்லை.

நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணே. ஐஸில் துளை போடும் திருகுக் கருவியான ஆகரும் ஒரு காலத்தில் புதுசுதான். கடப்பாரையால் ஒரு அடி ஐஸை வெட்டித் துளை போட்டவருக்குக் கை ஆகர் சொகுசு, கை ஆகர் சுற்றியவருக்கு பேட்டரி ஆகர் சொகுசு. புதுசு என்பதற்காக எதையும் ஒதுக்கவில்லை.

பிராம்ப்டன்காரர் மறுபடி: பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறோம். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் மீனுக்கு. டிரவுட்டின் காற்றுப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு குழல் உண்டு, மேலே வரும்போது காற்றை வாய் வழியாக விட்டுவிடும். பெர்ச்சுக்கும், மனிடோபாவில் பிக்கரல் என்கிற மீனுக்கும் அந்தக் குழல் கிடையாது. 30 அடிக்குக் கீழேயிருந்து வேகமாக இழுத்தால் பை ஊதிப் பெருத்து, வயிறு வாய் வழியாக வெளியே தள்ளிவிடும், கண் பிதுங்கும். துளையில் விட்டால் கீழே போக முடியாமல் ஐஸின் அடியில் மல்லாந்து முட்டிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்தவர்கள் ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்ல மாட்டார்கள்.

குளிர்காலத்தில் மீன் ஆழமான குழிகளில் கூட்டமாக ஒதுங்கும். முன்பெல்லாம் அந்தக் குழியைக் கண்டுபிடிக்கவே நாள் போகும், அதனால் மீனுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. நேரலை சோனார் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் சில போட்டிகளில் இதற்குத் தடையும் போட்டுவிட்டார்கள். ஆழத்தில் பிடித்தால் அனுமதித்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு கரையேறுங்கள். விடுவதாக இருந்தால் 20 அடிக்குள் பிடியுங்கள். கருவி கையில் இருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும்.

பிராம்ப்டன்காரர்: 20 அடிக்குள் பிடிக்க லைவ்ஸ்கோப் எதற்கு?

அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கூடலூரிலிருந்து: பைக்காரா உறையுமா?

உறையாது. இனி எந்த அணையைப் பற்றியும் இந்தக் கேள்வி வேண்டாம்.

டொரண்டோவிலிருந்து ஒரு தங்கை: கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டர் வைத்துக்கொள்கிறோம். பயமில்லையே?

பயம் இருக்கிறது அம்மா. குளிர் வராமல் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுவீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தலைவலி, தூக்கம், அவ்வளவுதான் தெரியும். மேலும் கீழும் காற்றுவழி திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள். ஹீட்டர் வைப்பவர்கள் கடப்பாரை, ஆணிப்பிடிக்கு அடுத்தபடியாகக் காசு போட வேண்டிய புதுக் கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அரவேணுவிலிருந்து: தாத்தா வைத்திருந்த பழைய மூங்கில் டிரவுட் ராடு இருக்கிறது. மகனுக்கு அனுப்பினால் ஐஸில் உதவுமா?

அனுப்பாதீர்கள். ஐஸ் ராடு இரண்டு, மூன்று அடிதான். துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நரம்பு நேர்கீழே இறங்க வேண்டும். நீளமான ராடு அங்கே இடைஞ்சல். வளையங்களில் தண்ணீர் உறைந்து நரம்பும் ஓடாது. கீற்று கீற்றாக ஒட்டிய மூங்கில் ராடு பொக்கிஷம். நம் மழைக்கால ஈரத்தில் ஒட்டு விடும், ஆகவே ஈரமில்லாத அறையில் துணிப்பையில் போட்டு நிமிர்த்தித் தொங்கவிடுங்கள், சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

வின்னிபெக் தம்பி மறுபடி: விழுந்துவிட்டால்?

உன் ஊர் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்ப்ரெக்ட் பல வருடம் இதை ஆராய்ந்தவர். அவர் சொல்லிக்கொடுப்பது 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சிறைப்பு அடங்கும் வரை தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள். அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், அதற்குள் ஏறிவிட வேண்டும். 1 மணி நேரம் வரை நினைவு இருக்கும், ஆகவே பதற்றம் வேண்டாம். வந்த பக்கமே திரும்பு, அந்த ஐஸ் உன்னைத் தாங்கியது. ஆணிப்பிடிகளை ஐஸில் குத்தி, காலை உதைத்துப் படுத்தபடி ஏறு. ஏறியதும் எழுந்து நிற்காதே, உருண்டு வா. ஆணிப்பிடி பையில் இருந்தால் பயனில்லை, கழுத்தில் இருக்கணும்.

குன்னூரிலிருந்து: எந்த பிராண்டு ஃபிளாஷர் நல்லது?

மகன் பக்கத்து ஊர்க் கடையில் எது பழுது பார்த்துத் தருகிறார்களோ அது.

மஞ்சூரிலிருந்து: மகன் பிப்ரவரியில் வருகிறான். அங்கே வாங்கிய ஐஸ் ராடைக் கொண்டுவந்தால் அவலாஞ்சியில் டிரவுட் பிடிக்கலாமா?

கரையிலிருந்து வீச அந்தக் குட்டை ராடு போதாது, ஆறேழு அடி ராடு வேண்டும். எச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைத்ததிலிருந்து அங்கே டிரவுட் வளர்க்கிறார்கள். ஆனால் நினைத்த இடத்தில் தூண்டில் போட முடியாது. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் கூடவே கூடாது. மற்ற இடங்களுக்கு ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுப் போங்கள். மகனிடம் பின்முள் இல்லாத கொக்கிகள் இருந்தால் அவற்றை எடுத்துவரச் சொல்லுங்கள். சின்ன மீனைக் காயமில்லாமல் விட அவை நல்லவை.