பிரெயில் இல்லாவிட்டால் என்ன, ஜெராக்ஸ் கடை இருக்கிறதே!

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். என் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பார்வை மிகக் குறைவு. புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துத்தான் படிப்பாள். நூலகப் பாடவேளையில் அவளை வகுப்பிலேயே விட்டுவிடுகிறோம். ‘நம்மிடம் பிரெயில் புத்தகம் இல்லையே, அவள் வந்து என்ன செய்வாள்?’ என்கிறார் தலைமையாசிரியர். இன்னொரு பையன் வாசிக்கத் திணறுகிறான், படம் மட்டும் புரட்டுகிறான். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மூக்கில் இடித்தாலும் அவள் படிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்குப் பிரெயில்? அவளுக்கு வேண்டியது பெரிய எழுத்து. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்வையின்மையும் குறைபார்வையும் அதில் தனித்தனி. நாம்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கிட்டே வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவளுக்கு எழுத்தைப் பெரிதாக்கும் வழி அதுதான். குனிந்து குனிந்து கழுத்துதான் வலிக்கும். நாலு தடிப் புத்தகங்களை அடுக்கி, பரீட்சை அட்டையை அதன்மேல் சாய்த்து வைத்தால் புத்தகம் முகத்தருகே வந்துவிடும். செலவே இல்லை.

வெளிச்சம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். நானும் விட்டிருக்கிறேன். ஒரு பள்ளி நூலகத்தில் இப்படிப்பட்ட சிறுமிக்கு வழவழ தாளில் அச்சான அழகான படக்கதை ஒன்றைக் கொடுத்தேன். அதை அப்படியும் இப்படியும் சாய்த்துக்கொண்டே இருந்தாள். பிடிக்கவில்லை போல என்று வாங்கி வைத்துவிட்டேன். மேலே இருந்த டியூப்லைட் வெளிச்சம் அந்தப் பக்கத்தில் பளிச்சென்று விழுந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. பளபளக்காத தாளாகப் பார்த்துக் கொடுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள். வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரட்டும்.

சரி, பெரிய எழுத்துக்கு எங்கே போவது? பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குத்தான். ஏ4 பக்கத்தை ஏ3 தாளில் எடுத்தால் எழுத்து 141 சதவீத அளவுக்குப் பெரிதாகும். 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 17 புள்ளி ஆகிவிடும். புத்தகத்தை நகலெடுக்கலாமா என்று தலைமையாசிரியர் தயங்கினால், 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தைச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர் படிப்பதற்காக, அவரால் படிக்க முடிகிற வடிவத்தில் நகல் எடுக்க அது இடம் தருகிறது. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இறக்கி, வேண்டிய அளவில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பையனுக்குக் கற்றல் குறைபாடு என்று நீங்களாகப் பெயர் வைத்துவிடாதீர்கள். வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென இருக்கும் சிறப்பாசிரியர் வந்து பார்க்கட்டும். அதுவரை, ஒரு கறுப்பு அட்டையில் ஒரே ஒரு வரி தெரிகிற அளவுக்கு நீளமாகச் சன்னல் வெட்டிக் கொடுங்கள். அதை நகர்த்தி நகர்த்திப் படிக்கும்போது வரி தவறுவது சில பிள்ளைகளுக்குக் குறைகிறது. எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிப்பு வரவில்லை என்பதற்காக இரண்டாம் வகுப்புப் பாட்டுப் புத்தகத்தை நீட்டவும் வேண்டாம். அவன் வயசுப் பையன்கள் சிரிப்பார்கள். கிரிக்கெட், பாம்பு, ராக்கெட் என்று அவன் எதைப் புரட்டுகிறானோ அதிலேயே எழுத்து குறைவான புத்தகமாகத் தேடுங்கள்.

அடுத்த நூலகப் பாடவேளைக்கு அவளையும் கூட்டிப் போங்கள். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரிகிறது என்று அவளையே கேளுங்கள். புத்தகத்தையும் அவளே எடுக்கட்டும். முந்தின நாளே அடுக்குகளின் பெயர்ச்சீட்டுகளை மட்டும் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி, அவள் கண் மட்டத்தில் ஒட்டி வையுங்கள்.