அளந்து பின்னிய ஸ்வெட்டர் துவைத்ததும் பெரிதாவது ஏன்?

கேள்வி: பல வருடங்களாகக் குல்லா, மப்ளர், சாக்ஸ் என்று தினமும் ஏதாவது பின்னிக்கொண்டே இருப்பேன். இப்போதுதான் முதல் முறையாக எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். கழுத்தில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி வட்டமாகப் போகும் பேட்டர்ன், மெஷினில் துவைக்கக்கூடிய சூப்பர்வாஷ் கம்பளி நூல். மாதிரித் துண்டும் போட்டுப் பார்த்தேன். 5 செ.மீ.க்கு 11 கண்ணி வந்தது. பேட்டர்ன் கேட்டதும் 10 செ.மீ.க்கு 22தான். முடித்தபோது அளவு கச்சிதம். ஒரு தடவை துவைத்ததும் மார்புச் சுற்று 100 செ.மீ.யிலிருந்து 110 ஆகிவிட்டது. 45 செ.மீ. கை 50 ஆகி விரல்வரை தொங்குகிறது. எங்கே தப்பு? இதைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: காப்பாற்றலாம். அதற்கு முன் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் அடுத்த ஸ்வெட்டரும் இதே மாதிரி வளரும்.

உங்கள் பின்னலில் தப்பில்லை. துவைக்காத துண்டை அளந்துவிட்டு, துவைத்து உடுத்தும் துணியைப் பின்னியிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள்: 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 100 செ.மீ. சுற்றுக்கு 220 கண்ணி. துவைத்தபின் அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிறது என்றால், அந்த நூலின் உண்மையான கேஜ், அதாவது குறிப்பிட்ட அளவுக்குள் வரும் கண்ணி எண்ணிக்கை, 10 செ.மீ.க்கு 20 கண்ணி. பத்து சென்டிமீட்டரில் இரண்டே கண்ணிதான் வித்தியாசம், சுற்றளவில் அது பத்து சென்டிமீட்டர். குல்லாவிலும் மப்ளரிலும் இது தெரியாது. குல்லா இழுபட்டு உட்கார்ந்துவிடும், மப்ளர் எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் இத்தனை வருடம் கேஜ் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

சூப்பர்வாஷ் நூலின் குணமும் இதில் சேர்ந்திருக்கிறது. சாதாரணக் கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரிலும் உரசலிலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிறது. மெஷினில் துவைக்கத் தோதாக அந்தச் செதில்களைக் குளோரினால் மழுக்கி, பாலிமர் பூச்சு கொடுப்பது வழக்கமான முறை. சுருங்குவது நின்றுவிடும். ஆனால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதும் குறைந்துவிடும். நனைந்த கனத்தில் கண்ணிகள் வழுக்கி விரிய அதுவே போதும். அல்பாக்கா நூலும் பருத்தி நூலும் வேறு காரணங்களால் கீழ்நோக்கி இறங்கும். அவற்றுக்கு மீண்டும் சுருங்கும் துள்ளல் குறைவு. அக்ரிலிக் துவைத்தால் பெரிதாக மாறாது. ஆனால் சூடான இஸ்திரி பட்டால் துவண்டுவிடும், பிறகு மீளாது.

இனி மாதிரித் துண்டு. 5 செ.மீ.யில் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். எண்ணும்போது அரைக் கண்ணியை விட்டுவிட்டால் பெருக்கியதும் அது ஒரு முழுக் கண்ணிப் பிழை. உங்கள் ஸ்வெட்டரில் 22க்குப் பதில் 21 என்றாலே சுற்றளவு கிட்டத்தட்ட 5 செ.மீ. கூடும். சுமார் 40 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. உயரத்துக்குப் பின்னுங்கள். ஓரத்துக் கண்ணிகள் எப்போதும் கொஞ்சம் இழுபட்டோ தளர்ந்தோ இருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு, நடுவில் 10 செ.மீ.யை அளக்க இடம் வேண்டும்.

ஊசியிலிருந்து இறக்கியதும் துண்டை மேசைமேல் இழுக்காமல் பரப்பி, ஸ்கேலை வைத்து, கண்ணிகளை ஒரு ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். நிட் பக்கத்தில், அதாவது துணியின் வழவழப்பான முன்பக்கத்தில், ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கால் விரித்து நிற்பது தெரியும். ஒற்றைக் கால் மட்டும் ஸ்கேலுக்குள் வந்தால் அது அரை. குறுக்கே கண்ணி, நெடுக்கே வரிசை, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துண்டையும் துவைத்து, அப்படியே உலர்த்துங்கள். மெஷினில் போடப்போகும் துணிக்குக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கிய துண்டு சாட்சியாகாது. நூல் இறங்கும் ரகம் என்றால், காய்ந்தபின் கீழ் ஓரத்தில் நாலைந்து துணி கிளிப் மாட்டி ஓரிரு நாள் தொங்கவிடுவதும் நல்லது. ஸ்வெட்டரின் சொந்தக் கனம் என்ன செய்யும் என்று ஓரளவு தெரிந்துவிடும். பிறகு மறுபடி எண்ணி எழுதுங்கள்.

பேட்டர்னில் போட்டிருக்கும் கேஜ் வழக்கமாகத் துவைத்த துணிக்கானது. எத்தனை கண்ணி ஏற்றுவது என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். அப்படியானால் துவைக்காத எண் எதற்கு? ஊசியில் தொங்கும்போது உங்கள் கையில் இருப்பது துவைக்காத துணி. டேப் வைத்தால் டேப் அந்தத் துணியின் அளவைத்தான் சொல்லும். உங்கள் கை நீண்டதும் இங்கேதான். துவைக்குமுன் 10 செ.மீ.க்கு 30 வரிசை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 45 செ.மீ. வந்ததும் நிறுத்தினீர்கள், அது 135 வரிசை. துவைத்தபின் 10 செ.மீ.க்கு 27 வரிசைதான் என்றால் அதே 135 வரிசை 50 செ.மீ. ஆகும். 45 செ.மீ. கை வேண்டுமென்றால் 121, 122 வரிசையிலேயே, அதாவது டேப் 40 செ.மீ. சொச்சம் காட்டும்போதே நிறுத்தியிருக்க வேண்டும். "45 செ.மீ. வரும்வரை பின்னவும்" என்று பேட்டர்ன் சொன்னால் அந்த 45ஐ வரிசைக் கணக்காக மாற்றி, வரிசைகளை எண்ணுங்கள். டேப்பைவிட எண்ணிக்கையை நம்பலாம்.

வட்டமாகப் பின்னும் ஸ்வெட்டருக்குத் துண்டையும் நிட் பக்கம் மட்டுமே வருமாறு போட வேண்டும். இரண்டு முனை வட்ட ஊசியில் ஒரு வரிசை முடிந்ததும் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறம் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி நிட். பலருக்கு பர்ல் வரிசை (துணியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து போடும் வரிசை) நிட் வரிசையைவிடத் தளர்வாக விழும் என்பதால், திருப்பித் திருப்பித் தட்டையாகப் போட்ட துண்டும் வட்டப் பின்னலும் ஒத்துப்போகாது. உங்கள் விஷயத்தில் இது காரணமாக இருந்திருக்காது. அப்படி இருந்திருந்தால் ஸ்வெட்டர் சிறியதாக வந்திருக்கும்.

ஊசி எண்ணையும் ஒரு தடவை சரிபாருங்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். 8 என்ற எண் பிரிட்டிஷ் ஊசியில் 4 மி.மீ., அமெரிக்க ஊசியில் 5 மி.மீ. மில்லிமீட்டரை மட்டும் பார்ப்பதே பத்திரம்.

கேஜ் பொருந்தாவிட்டால் ஊசியை மாற்றி மாற்றித் துண்டு போட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. துவைத்த துண்டு கைக்கு இதமாக, தொளதொளப்பில்லாமல் இருந்தால் ஊசியைத் தொடாதீர்கள். பேட்டர்னில் வேறு சைஸைப் பின்னுங்கள். 20 கண்ணிக் கேஜில் 100 செ.மீ. வேண்டுமென்றால் தேவை 200 கண்ணி. பேட்டர்னில் எந்த சைஸ் 200 கண்ணியை ஒட்டி வருகிறதோ (22 கண்ணிக் கணக்கில் அது சுமார் 91 செ.மீ. சைஸ்) அதைப் பின்னினால் உங்களுக்கு 100 கிடைக்கும். வரிசைக் கணக்கை மட்டும் மறந்துவிடக் கூடாது. தோளிலிருந்து அக்குள்வரை 60 வரிசை என்று பேட்டர்ன் சொன்னால், 30 வரிசைக் கேஜில் அது 20 செ.மீ.; 27 வரிசைக் கேஜில் 22 செ.மீ.க்கும் மேல். அக்குள் இறங்கித் தொங்கும். துண்டு வலைபோல் இருந்தால் மட்டும் மெல்லிய ஊசிக்குப் போங்கள்.

சரி, கையில் இருக்கும் ஸ்வெட்டருக்கு வருவோம். முதலில் செலவில்லாத வழி. நூல் லேபிளில் டம்பிள் ட்ரை செய்யலாம் என்ற குறி இருக்கிறதா? இருந்தால் மறுபடி நனைத்து, குறைந்த சூட்டில் ட்ரையரில் போட்டு, அடிக்கடி எடுத்துப் பாருங்கள். சூப்பர்வாஷ் பல சமயம் இப்படிக் கணிசமாக உள்ளிழுத்துக்கொள்ளும். லேசான ஈரத்தோடு எடுத்து, கையால் தட்டி அளவுக்குக் கொண்டுவந்து, தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள். கொடியில் மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

அது போதாவிட்டால் கை. மேலிருந்து கீழே பின்னியது உங்களுக்கு வசதி. மணிக்கட்டில் கண்ணி மூடிய இடத்தில் நூல் முனையைத் தேடி எடுத்து, மூடியதைப் பிரித்து, ரிப் (மணிக்கட்டைப் பிடிக்கும் வரிவரியான ஓரப் பட்டை) முழுவதையும் அதற்குமேல் சுமார் 13 வரிசையையும் உருவுங்கள். கண்ணிகளை ஊசியில் ஏற்றி ரிப்பை மறுபடி போட்டால் கை முடிந்தது. இது ஒரே மாலை வேலை.

உடல் பகுதிக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கழுத்தும் தோளும் நழுவாமல் உட்கார்ந்திருந்தால் மேல்பகுதியை அப்படியே விட்டுவிடலாம். அக்குளுக்கு இரண்டு விரல் கீழ்வரை பிரித்து, நாலு சுற்றுக்கு ஒரு முறை, பக்கத்துக்கு இரண்டாக நாலு கண்ணி குறையுங்கள். இப்படி ஐந்து முறை குறைத்தால் 20 கண்ணி, அதாவது 10 செ.மீ. போய்விடும். தோள் கையின்மேல் வழிந்து விழுகிறது என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழுவதும் பிரிப்பதே நல்லது. மனசு கேட்காதுதான். ஆனால் அரைகுறையாகச் சரிசெய்த ஸ்வெட்டர் அலமாரியைவிட்டு வெளியே வருவதில்லை.

முழுவதும் பிரித்தால் அந்தச் சுருள் நூலை உடனே பின்னாதீர்கள். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து தொங்கவிடுங்கள். சுருள் விட்டுப் போனபின் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை துவைத்துத் தளர்ந்த நூல் இது. கேஜ் புதுநூல் மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், இதிலேயே புதிதாக ஒரு துண்டு போட்டு அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.