பயந்த சுபாவமுள்ள கிதியோன் எப்படி விசுவாச வீரர்கள் பட்டியலில் வந்தார்?

எபிரெயர் 11:32 கிதியோனின் பெயரைச் சொல்வது பலருக்கும் ஆச்சரியம்தான். இஸ்ரவேலரை ஒடுக்கிய மீதியானியருக்குத் தெரியாமல் திராட்ச ஆலையில் ஒளிந்து கோதுமை போரடித்த மனிதர் அவர். "பராக்கிரமசாலியே" என்று தேவதூதன் கூப்பிட்டபோதும், என் குடும்பம் எளியது, நான் சிறியவன் என்றுதான் பதில் சொன்னார்.

ஆனால் நியாயாதிபதிகள் 6:27-ஐக் கவனியுங்கள். தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, பகலில் செய்யாமல் இரவில் பத்து வேலைக்காரரோடு போய்ப் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடித்தார். பயம் போகவில்லை, ஆனாலும் கட்டளை நிறைவேறியது. கிதியோனின் தைரியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் மீதியானியரை எதிர்க்கத் திரண்ட படை. 32,000 பேரில் பயந்தவர்கள் போகலாம் என்று கடவுள் சொன்னபடி அறிவித்ததும் 22,000 பேர் திரும்பிவிட்டார்கள். தண்ணீரண்டையில் குடித்த விதத்தை வைத்து மீதிப் பேரும் குறைந்து கடைசியில் 300. எந்தத் தளபதிக்கும் இது வயிற்றைக் கலக்கும் விஷயம், கிதியோன் கீழ்ப்படிந்தார். அந்த இரவிலும் கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. போகப் பயமாக இருந்தால் பூரா என்ற உன் வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு எதிரியின் பாளயத்துக்குப் போ என்கிறார். அங்கே மீதியானியரின் தோல்வியைக் குறிக்கும் கனவை எதிரி வீரன் ஒருவன் சொல்லக் கேட்டதும் கிதியோன் பணிந்துகொண்டார். விசுவாசம் அவருக்குள் இப்படிப் படிப்படியாகத்தான் வளர்ந்தது.

8-ம் அதிகாரத்தையும் விடாமல் வாசியுங்கள். ஆட்சியை மறுத்த அதே கிதியோன் கொள்ளைப் பொன்னில் செய்த ஏபோத்து (ஆசாரியர் அணியும் மேலாடை போன்றது), அவர் வீட்டுக்கே கண்ணியானது.