இஃப்-க்குள் இஃப் அடுக்காமல் முதலிலேயே ரிட்டர்ன் செய்யலாமா?

ஒரு ஃபங்ஷனில் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டில்) ஒரே ஒரு ரிட்டர்ன்தான் (அதிலிருந்து வெளியேறும் கட்டளை) இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியமே இல்லை. பணம் எடுக்கும் ஃபங்ஷனைப் பாருங்கள்: கணக்கு இருக்கிறதா, முடக்கப்படாமல் இருக்கிறதா, இருப்பு போதுமா? மூன்றையும் இஃப் (if) என்ற நிபந்தனைக்குள் இன்னொரு இஃப்பாக அடுக்கினால் உண்மையான வேலை உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கடைசியில் வரும் எல்ஸ் (else, 'இல்லையென்றால்' பகுதி) எந்த இஃப்புக்கு உரியது என்று திரையில் விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

அதையே திருப்பிப் போடுங்கள். கணக்கு இல்லையா, பிழையைச் சொல்லி அங்கேயே ரிட்டர்ன். மற்ற இரண்டுக்கும் அப்படியே. அப்புறம் பணத்தைக் கழிக்கும் வரிகள் இடது ஓரத்தில் நேராக வரும். எனக்கு இதுதான் படிக்கச் சுகம். ஸ்விஃப்ட் மொழியில் 2015-இல் இதற்கென்றே 'கார்ட்' (guard) என்ற கட்டளையைச் சேர்த்தார்கள். அதன் எல்ஸ் பகுதியிலிருந்து வெளியேறாவிட்டால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் விடாது.

சி மொழியில் மட்டும் கொஞ்சம் கவனம்: மாலக் (malloc) மூலம் கேட்டு வாங்கிய நினைவகத்தை விடுவிக்காமலே நடுவில் ரிட்டர்ன் செய்துவிடுவது எளிது.