எல்லா நடு உயிருக்கும் ஷ்வா போட்டால் போதுமா?

“முன்னுயிர், பின்னுயிர் புரிகிறது. நடுவில் வரும் உயிரொலிகளை எப்படி வகை பிரிப்பது, எந்தக் குறியால் எழுதுவது? எல்லாவற்றுக்கும் ஷ்வா போட்டால் தப்பா?” என்று கேட்டிருக்கிறீர்கள். (ஷ்வா என்பது, பேச்சொலிகளை எழுதும் ஐபிஏ என்ற சர்வதேச ஒலியெழுத்து முறையில், வாய் பாதி திறந்த நடு உயிருக்கான குறி: ə.)

நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன். ஒரு பயிற்சித் தாளில் ‘காசு’, ‘நாக்கு’, ‘பாட்டு’ எல்லாவற்றின் கடைசி உகரத்துக்கும் ஷ்வா போட்டுக் கொடுத்தேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நீங்களும் ‘பசு’, ‘காசு’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘பசு’வில் உதடு குவியும், ‘காசு’வில் குவியாது. ஆனால் இரண்டிலுமே தாடை கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஷ்வாவுக்கோ வாய் பாதி திறக்க வேண்டும். நான் உதட்டைக் கவனித்தேன், தாடையைக் கோட்டை விட்டேன்.

நடு உயிர் என்றால் நாக்கு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை என்பது மட்டும்தான். எவ்வளவு உயரம், உதடு குவிந்ததா என்ற இரண்டு கேள்விகள் அப்படியே மிச்சம் இருக்கின்றன. ஐபிஏ அட்டவணையின் நடுப்பத்தியில் இத்தனை குறிகள் இருப்பது அதனால்தான். (குறிகளின் வடிவத்தைச் சொல்லும்போது ‘ஏ’, ‘ஈ’, ‘ஐ’, ‘ஓ’, ‘யூ’, ‘வி’ என்பவை a, e, i, o, u, v என்ற ஆங்கில எழுத்துகளின் பெயர்கள்.) உச்சியில் குறுக்குக்கோடு போட்ட ‘ஐ’ (உதடு விரிந்தது), குறுக்குக்கோடு போட்ட ‘யூ’ (குவிந்தது). ஒரு படி கீழே கண்ணாடியில் பார்த்தது போன்ற ‘ஈ’, கோடு போட்ட ‘ஓ’. சரிபாதியில் ஷ்வா, அதாவது தலைகீழாகக் கவிழ்த்த ‘ஈ’. (கண்ணாடி ‘ஈ’யும் கவிழ்த்த ‘ஈ’யும் வேறு வேறு. இங்கே வழுக்காதவர் இல்லை.) அப்புறம் திருப்பிய எப்சிலான் (ε என்ற கிரேக்க எழுத்து), அதன் வாயை மூடிய வடிவம், அதற்கும் கீழே கவிழ்த்த ‘ஏ’. அந்த மூடிய எப்சிலான் 1993 அட்டவணையில் திசைமாறி அச்சாகி, 1996-இல்தான் திருத்தப்பட்டது. தவறான வடிவமும் யூனிகோடில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது, எழுத்துருவில் எடுக்கும்போது பார்த்து எடுங்கள். அடிமட்டத்தில், நம் ‘ஆ’ ஒலிக்கும் இடத்துக்குத் தனிக் குறியே கிடையாது. முன்னுயிருக்கான ‘ஏ’யைத்தான் கடன் வாங்குகிறோம், துல்லியம் வேண்டுமென்றால் அதன் தலையில் இரண்டு புள்ளி வைக்கிறோம்.

காதை நம்ப முடியாதபோது ‘ப்ராட்’ என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் ஃபார்மண்ட், அதாவது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் ஒத்ததிர்வு எண்களை, அளந்து பார்க்கலாம். தொண்டை முதல் உதடு வரை 17.5 செ.மீ. நீளமுள்ள, எங்கும் இறுகாத, ஒரு முனை மூடிய சீரான குழாய் என்று வைத்துக்கொண்டால் அதன் ஒத்ததிர்வுகள் சுமார் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் விழும். அதுதான் பாடநூல் ஷ்வா. நாக்கு மேலே ஏறினால் முதல் எண் இறங்கும். ‘காசு’வின் கடைசி உயிரில் அது 500-க்கு நன்றாகக் கீழே போய்விடும், ஆகவே ஷ்வா இல்லை. குழாய் குட்டையானால் எல்லா எண்ணும் கூடும் என்பதால், ஒருவர் பேசியதை அவருடைய ஈ, ஊ, ஆ-வோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

ஆனால் இரண்டாவது எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஊ’வில் அது அவ்வளவு தாழ்ந்திருப்பதற்கு நாக்கு மட்டும் காரணமில்லை, குவிந்த உதடும் சேர்ந்து இழுக்கிறது. உதட்டை விரித்துவிட்டு நாக்கைப் பின்னாலேயே வைத்தாலும் எண் ஏறி நடு உயிருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். குற்றியலுகரத்தைச் சிலர் விரிந்த பின்னுயிராகவும், சிலர் கோடு போட்ட ‘ஐ’யாகவும் எழுதுவதில் இதற்கும் பங்குண்டு. நான் கோடு போட்ட ‘ஐ’ கட்சி. என் வாயில் நாக்கு அவ்வளவு பின்னே போவதாகத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு நுணுக்கம் எப்போதும் வேண்டுமா? / / என்ற சாய்கோடுகளுக்குள் எழுதும்போது வேண்டாம். அங்கே குறி ஒலியனுக்கான பெயர்தான், அந்த மொழியில் பொருளை மாற்றுகிற வேறுபாட்டைக் காட்டினால் போதும். ஆங்கிலத்தில் ‘கட்’ (cut) என்ற சொல்லின் உயிருக்கு அகராதிகள் தலைகீழ் ‘வி’ போடுகின்றன. அட்டவணைப்படி அது பின்னுயிர். இன்றைய தென் இங்கிலாந்துப் பேச்சில் அது கவிழ்த்த ‘ஏ’க்கு அருகே வந்துவிட்டது, குறி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டரோ அதற்கும் அழுத்தமில்லாத உயிருக்கும் சேர்த்து ஒரே ஷ்வா போட்டு, அழுத்தக் குறியால் பிரித்துக் காட்டுகிறது. அது தப்பில்லை.

கர்நாடகத்தின் குடகில் பேசும் கொடவ மொழியில் இந்தத் தாராளம் செல்லாது. அங்கே மேல் நடு உயிர், இடை நடு உயிர் என்று இரண்டு உண்டு, ஒவ்வொன்றுக்கும் குறில் நெடிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஷ்வா போட்டால் வெவ்வேறு சொற்கள் ஒன்றாகிவிடும்.

[ ] என்ற சதுர அடைப்புக்குள், அதாவது வாயில் வந்த ஒலியை அப்படியே, எழுதும்போதுதான் தாடை, நாக்கு, உதடு மூன்றுக்கும் நீங்கள் பொறுப்பு. நிச்சயமில்லாத இடத்தில் ஷ்வா போடுவதைவிட, கேட்டதற்கு அருகிலுள்ள குறியை எழுதி மேலே இரண்டு புள்ளி வையுங்கள். ‘நடுப்பக்கம் நகர்ந்திருக்கிறது’ என்றுதான் அதற்கு அர்த்தம், பின்னால் திருத்துபவருக்கும் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது தெரியும்.